நந்தி விலகிய ஊரும் தீ மூட்டிய ஊரும்

பக்தி மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே மட்டும் நிகழ்வதாகத் தோன்றினாலும், அது நிகழும் இடம் பெரும்பாலும் ஒரு கோயில். கோயிலுக்கு மதில் உண்டு, வாயில் உண்டு, அந்த வாயிலில் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்று வரையறுக்கும் ஆகமமும் வழக்கமும் உண்டு, அவற்றைக் காத்து நிற்கும் மனிதரும் உண்டு. ஆகவே உள்ளத்தில் எழும் நம்பிக்கை, ஊரில் நிலவும் அதிகாரத்தை என்றேனும் ஒரு நாள் எதிர்கொண்டே தீரவேண்டியிருக்கிறது. அப்போது அஞ்சுபவர், தயங்குபவர், தடுப்பவர், மனம் மாறுபவர் என மனித இயல்பின் பல முகங்களும் வெளிப்படுகின்றன. தமிழ்ச் சமய இலக்கியத்தில் இதனை மிக ஆழமாகக் காட்டுவது, திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் வரலாறு. 63 நாயன்மாருள் ஒருவராகப் போற்றப்படும் இவரது கதை பல நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும், நந்தனாரைத் தடுத்தது யார் என்ற கேள்விக்கு வேறொரு விடை கிடைக்கிறது.

இக்கதையின் வேர் மிகச் சிறியது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் சுந்தரர், சிவனடியார்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வணங்கும் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரின் பெயரைச் சொல்கிறாரே தவிர, அவருடைய ஊரையோ குலத்தையோ வாழ்க்கையையோ சொல்லவில்லை. அத்தொகையை விரித்து, ஒவ்வோர் அடியாருக்கும் ஒரு பாடலாக நம்பியாண்டார் நம்பி இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதியில்தான் ஊர் ஆதனூர் என்பதும், பிறப்பால் ஒதுக்கப்பட்ட குலத்தவர் என்பதும், தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கூத்தனின் அருளால் அவர் முனிவராக, மூவாயிரவர் எனப்படும் தில்லைவாழ் அந்தணர் கைகூப்பி நின்றனர் என்பதும் தெரியவருகின்றன. பிற்காலக் கதையில் நந்தனார் மூழ்கும் தீ இந்தப் பாடலில் இல்லை. பிறப்பின் இழிவு நீங்கியது என்று சொல்லும் நம்பி, அது எப்படி நீங்கியது என்பதைச் சொல்லாமல் அருளின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். இன்று கிடைக்கும் நூல்களுள் தீக்குழி முதன்முதலில் காணப்படுவது, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில்தான்.

சேக்கிழார் சோழ அரசில் உயர் பதவி வகித்தவர் என்பது மரபு. அரசின் உள்ளிருந்தே எழுதிய அப்புலவர் ஆதனூர்ச் சேரியை வருணிக்கும் பகுதியைப் படிப்பவர் எவரும் வியப்படையாமல் இருக்க இயலாது. சுரைக்கொடி படர்ந்த குடிசைகள், முற்றத்தில் திரியும் கோழிக்குஞ்சுகள், இரும்பு வளை அணிந்த சிறுவர்கள், தோலின்மேல் குழந்தையை உறங்க வைக்கும் தாய், மரங்களில் கட்டித் தொங்கும் பறைகள், தென்னையின் அடியில் கிடக்கும் நாய்க்குட்டிகள் என, அரண்மனைகளையும் மாட மாளிகைகளையும் பாடிப் பழகிய காப்பிய மரபு அதுவரை ஏறெடுத்தும் பாராத ஓர் உலகத்தை அவர் அருவருப்பின் சாயல் சிறிதுமின்றி, உற்றவரைப் பார்க்கும் கண்ணோடு பார்த்திருக்கிறார். நந்தனார் அங்கே யாருக்கும் அடிமையாகவும் இல்லை. ஊர்ப்பணிக்காக விடப்பட்ட மானிய நிலத்தின் வருவாயில் உண்டு, கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனை எனப்படும் மணப்பொருளும் கொடுத்து, திருவாயிலின் புறத்தே நின்று ஆடியும் பாடியும் வாழ்ந்தவர் என்றே புராணம் சொல்கிறது. கோயிலுக்குள் ஒலித்த முழவிலும் யாழிலும் அவருடைய உழைப்பு இருந்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். இந்த முரணைச் சேக்கிழார் விளக்கியுரைக்கவில்லை என்றாலும், இத்தனை நுட்பமாகப் பட்டியலிட்டவர் அதை உணராதிருந்தார் என்று கொள்வதற்கில்லை.

அடுத்து வருவது திருப்புன்கூர். வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகிலுள்ள அவ்வூரில் சிவலோகநாதரை வாயிலில் நின்றபடி காண நந்தனார் விரும்புகிறார். முன்னே இருக்கும் நந்தி மறைக்கிறது. அடியார் வாய்திறந்து எதையும் கேட்பதற்கு முன்பே இறைவன் தன் ஏற்றை விலகியிருக்கச் செய்து காட்சி தருகிறார். மனம் நிறைந்த நந்தனார் அங்கே ஒரு குளத்தை வெட்டிவிட்டு ஊர் திரும்புகிறார். இன்றும் அக்கோயிலில் நந்தி சன்னிதிக்கு நேராக இல்லாமல் சற்றே விலகியிருப்பதைக் காணலாம். அங்கே அடியாரிடம் எந்த மாற்றமும் கோரப்படவில்லை. வழியில் இருந்த கல்லே நகர்ந்தது.

அதன் பின்னர்த் தில்லையைக் காணவேண்டும் என்ற வேட்கை அவரை உறங்கவிடாமல் வாட்டுகிறது. போகவேண்டும் என்று எண்ணுகிறார். தன் குலத்துக்கு அது பொருந்தாதே என்று நின்றுவிடுகிறார். மீண்டும் ஆசை மிக, நாளைப் போவேன் என்கிறார். இப்படிப் பல நாட்கள் கழிகின்றன. திருநாளைப்போவார் என்ற பெயர் இதனால் வந்தது. இங்கே கூர்ந்து நோக்கவேண்டியது, பெரியபுராணத்தில் எந்த மனிதரும் அவரைத் தடுக்கவில்லை என்பதாகும். ஊர்க்கட்டுப்பாடு விதித்தவர் இல்லை. வாயிலில் வழிமறித்தவர் இல்லை. ஒருவழியாகப் புறப்பட்டுத் தில்லை எல்லையை அடைந்தபோது அந்தணர் வேள்விச் சாலைகளின் புகையைக் கண்டே அவர் அஞ்சி நிற்கிறார். உள்ளே செல்லத் துணியாமல் தில்லையின் மதிலை இரவும் பகலும் வலம் வருகிறார். வெளியிலிருந்து இடப்படும் தடையைக் காட்டிலும், தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுத் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் தடை வலியது என்பதை ஒரு மனிதனின் தயக்கத்தின் வழியாக மட்டுமே சேக்கிழார் காட்டுகிறார். அதிகாரம் முழுமை பெறுவது காவலரால் அன்று; காவலர் இல்லாதபோதும் கால்கள் நின்றுவிடுவதால்தான். 12ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் மனித மனத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டிருப்பது தமிழுக்குப் பெருமை.

ஆனால் முடிவு திருப்புன்கூரைப் போல அமையவில்லை. இறைவன் கனவில் தோன்றி, இப்பிறவி நீங்கும்படி எரியில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த மார்பினரோடு தன்னிடம் வருமாறு நந்தனாருக்குச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் கனவில் தோன்றித் தீ அமைக்குமாறு ஆணையிடுகிறார். அவர்கள் அச்சத்தோடும் மரியாதையோடும் நந்தனாரை அணுகி, இறைவனின் ஆணையைச் சொல்லி, தெற்கு மதிலின் புறத்தே வாயிலுக்கு முன் தீ வளர்க்கின்றனர். அதில் புகுந்தவர் நூலும் சடையும் விளங்கும் முனிவராக எழுகிறார், அந்தணர் கைதொழுகின்றனர், கோயிலுக்குள் சென்றவரை அதன்பின் எவரும் காணவில்லை. 37 பாடல்களில் புராணம் முடிகிறது.

ஒரே இறைவன், ஒரே அடியார். ஓர் ஊரில் கல் விலகியது. மற்றோர் ஊரில் மனிதன் எரிய வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை இறையியலில் தேடுவதைக் காட்டிலும் வரலாற்றில் தேடுவதே பொருத்தம். திருப்புன்கூர் ஒரு சிற்றூர்க் கோயில். தில்லையோ, கோயில் என்று சொன்னாலே அதையே குறிக்கும் அளவுக்குச் சைவத்தின் தலைமைப் பீடம். சோழ மன்னர்கள் பொன் வேய்ந்து போற்றிய இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தொண்டத்தொகையே தில்லைவாழ் அந்தணரை முதலில் வணங்கித்தான் தொடங்குகிறது. அவர்கள் வாயில் காப்பவர் மட்டுமல்லர். சேக்கிழார் போற்றிப் பாட வேண்டிய அடியார் கூட்டத்தின் முதல் வரிசையினர். நந்தனாரும் அடியார், அவர்களும் அடியார். எவரையும் குற்றவாளியாக்காமல் இருவரையும் போற்ற வேண்டிய நெருக்கடியில் புலவருக்குக் கிடைத்த வழியே தீக்குழி என்று கருத இடமுண்டு. அது நந்தனாரை உள்ளே அனுப்புகிறது. அதே வேளையில், நந்தனாராகவே உள்ளே அனுப்ப மறுக்கிறது. நம்பிக்கை வென்றது என்றும் சொல்லலாம். விதி வளையவில்லை என்றும் சொல்லலாம். பெரியபுராணம் இரண்டையும் ஒருசேரச் சொல்வதனால்தான் இக்கதை இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

தீயைத் தவிர வேறு வழியே மரபில் இல்லை என்று எண்ணுவதும் தவறு. காளத்தி மலையில் வேடராகிய கண்ணப்பர் இறைச்சியைப் படைத்தபோது, ஆகம நெறிப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் மனம் பதைத்தார். இறைவன் வேடரைத் திருத்தவில்லை, பூசகரை ஒளிந்திருந்து பார்க்கச் சொன்னார். தன் கண்ணையே பெயர்த்து இறைவன் கண்ணில் அப்பிய வேடரின் அன்பைப் பார்த்தவர் அப்பூசகர்தான். கற்றுக்கொள்ள வேண்டியவரும் அவரே. பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணரை மதுரையில் திருமுன் அழைத்துச் செல்லுமாறு தொண்டர்களுக்குக் கனவில் ஆணை பிறந்தது. திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறொரு வாயிலே வகுக்கப்பட்டது என்று புராணம் கூறும். வைணவ மரபிலோ அதிகாரம் இன்னும் ஆழமாகத் தலைவணங்குகிறது. காவிரிக் கரையில் தன்னை மறந்து பாடி நின்ற திருப்பாணாழ்வாரின் மேல் கல்லெறிந்த லோகசாரங்க முனிவர், அரங்கனின் ஆணைப்படி அவரைத் தம் தோளிலேயே சுமந்து திருவரங்கக் கோயிலுக்குள் சென்றதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. கர்நாடகத்தின் உடுப்பியில், உள்ளே விடப்படாத கனகதாசருக்காகக் கண்ணன் திரும்பி நின்று சுவரின் துளை வழியே காட்சி தந்ததாக மரபு. மராட்டியத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகார் குலத்துச் சொக்கமேளருக்கு இப்படி எந்த அற்புதமும் வாயிலை நிலையாகத் திறந்துவிடவில்லை. பண்டரிபுரத்து இறைவனாகிய விட்டலனைப் பாடிப் பாடி வெளியிலேயே வாழ்ந்த அவருடைய சமாதி, அக்கோயிலின் பெருவாயிலுக்கு எதிரே இருக்கிறது. இந்தக் கதைகள் அனைத்திலும் இறைவன் வெளியே நிற்பவரின் பக்கம் இருக்கிறான். வழிவிட வேண்டியது எது, கல்லா, சுவரா, பூசகரின் மனமா, அடியாரின் உடலா என்பதில்தான் ஒவ்வொரு சமூகமும் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்கிறது.

சேக்கிழாருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தஞ்சைத் தரணியில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதே கதையைக் கையிலெடுத்தார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கத்திலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர், கதை சொல்லிக்கொண்டே இடையிடையே பாடும் கதாகாலட்சேபத்துக்கு உரிய கீர்த்தனைகளாக நந்தனார் சரித்திரத்தை அமைத்தார்; 1860களின் தொடக்கத்தில் அது அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத ஒருவரை அவர் இதில் படைத்தார்: நந்தனைப் பண்ணையாளாக வைத்திருக்கும் நிலக்கிழாராகிய வேதியர். பண்ணையாள் என்பவர் பரம்பரையாக ஒரு நிலவுடைமையாளரின் வயலில் கட்டுண்டு உழைப்பவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறைக்கான சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல் வந்துவிட்டபோதிலும், காவிரிப் படுகையில் பண்ணையடிமைத்தனம் நடைமுறையில் நீடித்தது. தஞ்சைப் பண்ணையாட்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் இயற்றப்பட்டது. பாரதியார் தம் கண்முன் கண்ட உலகத்தைப் பழைய கதைக்குள் கொண்டுவந்தார் என்பதே சரி.

அதிகாரத்துக்கு இவ்வாறு ஒரு முகம் கிடைத்ததும், அதுவரை நந்தனாரின் உள்ளத்துக்குள் மட்டும் நடந்த போராட்டம் தெருவுக்கு வந்துவிட்டது. சிதம்பரம் போக விடை தருமாறு நந்தன் கெஞ்சும்போது, உன் பிறப்புக்கு அது அடுக்குமா என்று வேதியர் சீறுகிறார்; ஆனால் அவருடைய கவலையெல்லாம் வயல் வேலை கெட்டுவிடுமே என்பதுதான் என்பதைப் பாட்டைக் கேட்பவர் எளிதில் உணர்ந்துகொள்வர். கூலி வேலையின் தேவை சாத்திரத்தின் மொழியில் பேசுவதை இத்தனை வெளிப்படையாகக் காட்டிய படைப்பு அதற்கு முன் தமிழில் அரிது. சேரியின் பெரியவர்களும் நந்தனைத் தடுக்கின்றனர். வீரனையும் காட்டேரியையும் விட்டுவிட்டுப் புதிய தெய்வத்தைத் தேடினால் ஊருக்குக் கேடு வரும், ஆண்டையின் சினம் எல்லோர் மேலும் பாயும் என்பது அவர்களின் அச்சம். ஒடுக்கப்பட்டவருள் ஒருவர் எழும்போது அருகிலிருப்பவரே முதலில் நடுங்குவது கொடுமைதான் என்றாலும், அடிபடப் போவது தாமே என்று அறிந்தவர்களின் நடுக்கம் அது. அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சேரித் தெய்வங்களைப் பாரதியார் ஏளனத்துடன் கையாள்வது மட்டும் இந்நூலின் குறை. எளிய மக்களின் வழிபாட்டைத் தாழ்த்தித்தான் நந்தனின் பக்தியை உயர்த்த வேண்டும் என்ற தேவை அவருக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. சேக்கிழாரின் சேரி வருணனையில் அந்த ஏளனம் இல்லை.

இறுதியில் வேதியர், நாற்பது வேலி நிலத்தின் வேளாண் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்பதால், ஒற்றை ஆளிடம் 250 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் வேலை சுமத்தப்படுகிறது. அனுமதி தருவது போன்ற தோற்றத்தில் அது மறுக்கப்படுகிறது. அதிகாரத்தில் இருப்போர் அன்றும் இன்றும் கையாளும் இந்த உத்தியைப் பாரதியார் நன்கு அறிந்திருந்தார். ஒரே இரவில் இறையருளால் வயல் விளைந்து அறுவடையும் முடிந்துவிட, வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். பிராமண குலத்தில் பிறந்த ஒரு புலவர், தம் குலத்தவராகிய ஆண்டையைப் பண்ணையாளின் காலில் விழவைத்துப் பாடி, அதை ஊரூராகச் செல்வர் வீட்டுக் கூடங்களில் அரங்கேற்றியது சிறிய செயல் அன்று. தில்லையில் தீ மூட்டப்படுவதை அவரும் மாற்றவில்லை. எனினும், தீக்கு முன்பே, சேற்று வயலின் வரப்பில், நந்தன் நந்தனாக இருக்கும்போதே வணங்கப்பட்டுவிட்டான் என்பதனால் அந்தத் தீயின் தேவை இங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது.

இந்நூலுக்கு இலக்கிய அதிகாரத்தின் ஒப்புதலும் எளிதில் கிடைக்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் சென்றபோது, சொல்லிலும் இலக்கணத்திலும் குறைகள் இருப்பதால் அவர் தயங்கினார் என்றும், பின்னர் ஒரு நாள் அப்பாடல்களைப் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்றும் உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். புலமையின் வாயிலிலும் கேட்டு உருகிய நெஞ்சம்தான் கதவைத் திறந்தது.

20ஆம் நூற்றாண்டில் நந்தனார் கதை மேடையிலும் திரையிலும் பரவியது. 1935இல் வெளிவந்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. அதே காலத்தில் கோயில் வாயில் சட்டத்தின் விவகாரமாகவும் ஆனது. 8.7.1939 அன்று அ.வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றனர். சனாதனிகள் எதிர்த்தபோதிலும் அரசு சட்டத்தால் அதைப் பாதுகாத்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், சொக்கமேளருக்குத் திறக்காத பண்டரிபுரம் கோயில் சானே குருஜியின் உண்ணாநோன்பின் பயனாகத் திறந்தது. தீயில் இறங்காமலே, நீராடி மாற்றுடை உடுத்த மனிதர்கள் மனிதர்களாகவே இறைவன் முன் நின்றனர்.

ஒடுக்கப்பட்ட மக்களின் சிந்தனையாளர்களும் பிற எழுத்தாளர்களும் இக்கதையை ஒரே வகையில் எதிர்கொள்ளவில்லை. அயோத்திதாச பண்டிதர் புராணக் கதையையே ஏற்காமல், நந்தன் பௌத்தம் போற்றிய மன்னன் என்றும் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்றும் எழுதினார். சுவாமி சகஜானந்தரோ நந்தனாரின் பெயரைத் தாங்கியே சிதம்பரத்தில் 1916இல் பள்ளியைத் தொடங்கி, சேரிப் பிள்ளைகள் பல்லாயிரவர் கல்வி பெற வழிவகுத்தார். இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் கதை என்ற நாடகம் தீக்குழியைச் சாதித் தலைவர்கள் கூடி வகுத்த வஞ்சகமாகக் காட்டியது. டாக்டர் அம்பேத்கர், தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். இந்து சமய அமைப்பைக் கடுமையாக மறுத்த ஓர் அறிஞர், அதே சமயத்தின் அடியார் மூவரை அவர்களுடைய பக்திக்காகவும் பண்புக்காகவும் வணங்கியிருக்கிறார் என்பது, நம்பிக்கையும் சமய அதிகாரமும் ஒன்றல்ல என்பதற்குத் தக்க சான்று.

நந்தனார் வரலாற்றை வகுப்பறையிலும் மேடையிலும் சொல்வோர் பலர், அவர் எரியில் மூழ்கித் தூய்மையடைந்தார் என்று முடித்துவிடுகின்றனர். அவரிடம் தூய்மைக் குறைவு எதுவும் இருந்ததில்லை என்பதற்குச் சேக்கிழாரின் பாடல்களே போதும். ஆதனூர்ச் சேரியின் வருணனையையும் திருப்புன்கூர் நிகழ்ச்சியையும் விடாமல் சேர்த்து அப்புராணத்தை முழுமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நந்தியை விலக்கிய இறைவனுக்குத் தீக்குழி எதற்கு என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியை அடக்காமல் கேட்கவிட வேண்டும்.